சிக்னலில் அணைந்துபோகும் கார்: குற்றவாளி ஏர்ஃப்ளோ சென்சார்தானா?

பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகிறது, ஓரிரு வினாடியில் அணைந்துவிடுகிறது. அல்லது ரோட்டில் நன்றாக ஓடிவிட்டு, சிக்னலில் கிளட்சை மிதித்ததும் ஆர்.பி.எம் முள் சரிந்து விழுந்து வண்டி நின்றுபோகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0101 அல்லது பி0102 என்ற எர்ரர் கோடு. உடனே "ஏர்ஃப்ளோ சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்ற முடிவுக்கு வருவது வழக்கம். புது சென்சார் போட்ட பிறகும் வண்டி நிற்பது அதைவிட வழக்கம். என்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது ஏர்ஃப்ளோ சென்சார். அதிலிருந்து வரும் எண் நம்பும்படி இல்லை என்றுதான் ஈ.சி.யு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அந்தக் கோடில் சொல்கிறது. எண் ஏன் தப்பாக வருகிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில், உங்கள் காரில் அது இருக்கிறதா?

நம் ஊரில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஏர்ஃப்ளோ சென்சாரே கிடையாது. மாருதியின் கே சீரிஸ் என்ஜின் வண்டிகள் பல, மேனிஃபோல்டின் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடுகின்றன. டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் போன்றவற்றில்தான் ஏர்ஃப்ளோ சென்சார். ஏர் ஃபில்டர் பாக்ஸை ஒட்டிய குழாயைப் பாருங்கள். அங்கே 5 வயர் கப்ளரோடு ஒரு பாகம் செருகியிருந்தால் பெரும்பாலும் அதுதான். 2 வயர் மட்டும் என்றால் அது காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார். இந்தக் குறிப்பு உங்கள் வண்டிக்கு இல்லை.

டீசல் வண்டிகளிலும் ஏர்ஃப்ளோ சென்சார் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இ.ஜி.ஆரையும் (எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் அமைப்பு) புகையையும் கட்டுப்படுத்தத்தான். அது கெட்டால் பிக்-அப் குறையும், புகை வரும். வண்டி நிற்பது அரிது. நிற்கும் டீசலில் முதலில் எரிபொருள் வரும் வழியைப் பாருங்கள்.

ஏன் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) மட்டும் நிற்கிறது?

சென்சாருக்குள் ஒரு மெல்லிய கம்பி, உள்ளே வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு அதிகச் சூட்டில் வைக்கப்பட்டிருக்கும். காற்று ஓடும்போது கம்பி ஆறும். சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு கரண்ட் தேவைப்படுகிறதோ, அதிலிருந்து காற்றின் எடை தெரிந்துவிடும். கம்பியில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் கணக்கு தவறும், காற்று மாறுவதை உணரும் வேகமும் குறையும். 3000 ஆர்.பி.எம்மில் இந்தப் பிழையை என்ஜின் தாங்கிக்கொள்ளும். ஐடிலில் மொத்தக் காற்றே வினாடிக்கு 2 கிராம் அளவுதான் என்பதால், அரை கிராம் தவறினாலும் கால் பங்கு பிழை. ஆக்சிலரேட்டரை விட்டவுடன் காற்று சட்டென்று குறையும் அந்த நொடியில்தான் வண்டி அணைகிறது.

எர்ரர் கோடை அழிக்காதீர்கள், படியுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி சாக்கெட்டில் சாதாரண ப்ளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். பி0102 என்றால் சிக்னல் மிகக் குறைவு, பி0103 என்றால் மிக அதிகம், பி0101 என்றால் எண் மற்ற சென்சார்களோடு ஒத்துப்போகவில்லை. பி0102 உடன் பி0113 சேர்ந்து வந்து, காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் சென்சாரை விட்டுவிடுங்கள். கப்ளர் சரியாக மாட்டவில்லை, அல்லது வயர் அறுந்திருக்கிறது. இரவில் வெளியே நிற்கும் வண்டிகளில் எலிதான் முதல் சந்தேகம். ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்தபோது என்ஜின் சூடாக இருந்ததா, என்ன ஆர்.பி.எம் என்பதெல்லாம் அதில் இருக்கும், அழித்தால் போய்விடும்.

சென்சாருக்குப் பின்னால் இருக்கும் குழாய்

"சென்சார் போச்சு" என்று வரும் வண்டிகளில் அடிக்கடி கிடைக்கும் நிஜக் காரணம் இதுதான். சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் (ஆக்சிலரேட்டருக்கு ஏற்பக் காற்றைத் திறந்துவிடும் பாகம்) நடுவே இருக்கும் ரப்பர் பெல்லோஸில் (மடிப்பு வைத்த குழாய்) ஒரு விரிசல் இருந்தால், சென்சாரைக் கடக்காமலே காற்று உள்ளே போகிறது. கணக்கில் வராத காற்றுக்குப் பெட்ரோல் கிடைக்காது. விரிசல் பெரும்பாலும் மடிப்பின் அடிப்பக்கத்தில் இருக்கும்; மேலிருந்து பார்த்தால் தெரியாது. கியர் போடும்போது என்ஜின் லேசாக முறுக்கிக்கொள்வதால் விரிசல் வாய் திறக்கும். நியூட்ரலில் சரியாக இருந்து, ஆட்டோமேட்டிக்கில் டி அல்லது ஆர் போட்டதும் அணைகிறது என்றால் இதை முதலில் பாருங்கள்.

மேனிஃபோல்டில் லீக் தேட ஸ்ப்ரே அடிக்கும் வித்தை இங்கே பலிக்காது. த்ராட்டிலுக்கு முன்னால் உறிஞ்சும் விசை மிகக் குறைவு. கிளிப்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றி, ஒவ்வொரு மடிப்பையும் கையால் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். அப்படியே பி.சி.வி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் குழாய்), ஆயில் மூடி, டிப்ஸ்டிக் மூன்றும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். டிப்ஸ்டிக் சரியாக அமராவிட்டால்கூட அதன் வழியே கணக்கில் வராத காற்று போகும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

என்ஜின் முழுச் சூட்டுக்கு வரட்டும், ஏ.சி ஆஃப், நியூட்ரல், ஹேண்ட் பிரேக். ஐடிலில் காற்றின் அளவு, வினாடிக்கு இத்தனை கிராம் என்று, என்ஜினின் லிட்டர் அளவை ஒட்டியே இருக்கும். 1.8 லிட்டர் என்ஜினுக்கு ஏறக்குறைய 1.8 முதல் 3 வரை. 0.8 என்றோ 6 என்றோ காட்டினால் ஏதோ தப்பு.

அடுத்து ஃபியூயல் ட்ரிம், அதாவது ஈ.சி.யு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம், சதவீதத்தில். ப்ளஸ் என்றால் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. ஷார்ட் (அந்த நொடியின் திருத்தம்), லாங் (பழகிப்போன திருத்தம்) இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை மைனஸ் 10க்கும் ப்ளஸ் 10க்கும் இடையே இருந்தால் கவலையில்லை. ஐடிலில் ப்ளஸ் 20 காட்டி, 2500 ஆர்.பி.எம்மில் ப்ளஸ் 4க்கு இறங்கினால் காற்று லீக். ஐடிலில் ஓரளவு சரியாக இருந்து, லோடு ஏற ஏற ப்ளஸ் 15, 25 என்று போனால் அழுக்கான சென்சார் குறைத்துக் காட்டுகிறது, அல்லது ஃபியூயல் பிரஷர் போதவில்லை. ஐடிலில் மைனஸ் 20, கூடவே பெட்ரோல் நாற்றம் என்றால் சென்சார் கூட்டிக் காட்டுகிறது, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது, இல்லையேல் பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு விடுவது) மூடவில்லை.

சென்சாரா, ஃபியூயல் பம்ப்பா என்று பிரிக்க ஒரு கணக்கு உண்டு. காலியான ரோட்டில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆப் தானாகப் பதிவு செய்யட்டும், ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது. என்ஜினின் லிட்டர் அளவை ஆர்.பி.எம்மால் பெருக்கி 120 ஆல் வகுத்தால், என்ஜின் வினாடிக்கு இழுக்கக்கூடிய காற்று லிட்டரில் வரும். அதை 1.15 ஆலும் (ஒரு லிட்டர் காற்றின் எடை, கிராமில்) 0.85 ஆலும் (சிலிண்டர் நிஜத்தில் நிரம்பும் பங்கு) பெருக்குங்கள். 1.8 லிட்டர், 5000 ஆர்.பி.எம் என்றால் ஏறக்குறைய 73 கிராம். சென்சார் 70 காட்டியும் ட்ரிம் ப்ளஸ்ஸில் ஏறிக் கிடந்தால் சென்சார் நிரபராதி. பம்ப்பையும் ஃபில்டரையும் பாருங்கள். 50 மட்டும் காட்டி ட்ரிம்மும் ஏறினால் சென்சார் பொய் சொல்கிறது. 50 காட்டி ட்ரிம் சரியாக இருந்தால்? சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. காற்றே குறைவாகப் போகிறது: ஏர் ஃபில்டரோ கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ அடைத்திருக்கிறது.

கழற்றிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும்

சாவியை ஆஃப் செய்து கப்ளரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சென்சார் இல்லையென்றால் ஈ.சி.யு த்ராட்டில் நிலையையும் ஆர்.பி.எம்மையும் வைத்து உத்தேசமாகப் பெட்ரோல் கொடுக்கும். இப்போது வண்டி அணையாமல் ஓடினால், வந்துகொண்டிருந்த சிக்னல்தான் கெடுத்திருக்கிறது. ஆனால் அது சென்சாரா வயரா என்று இந்தச் சோதனை சொல்லாது. சில வண்டிகள் கப்ளர் இல்லாவிட்டால் நன்றாக இருக்கும்போதுகூட அணைந்துவிடும். அதனால் "நின்றுவிட்டது" என்ற விடையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கப்ளரை மாட்டி, ஐடிலில் ஓடும்போது ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சென்சாரை மெதுவாகத் தட்டுங்கள். தட்டும்போதெல்லாம் என்ஜின் தடுமாறினால் உள்ளே இணைப்பு விட்டிருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும். வயரை மட்டும் அசைக்கும்போது தடுமாறினால் கப்ளர் பின் தளர்ந்திருக்கிறது. ஃபேன், பெல்ட் பக்கம் கையும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர்

வயரிங் படத்தை வைத்து பின்களை அடையாளம் காணுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். சாவி ஆனில், பவர் பின்னில் பேட்டரி வோல்ட் முழுதாக வர வேண்டும். எர்த்தை ஓம்ஸில் பார்ப்பதைவிட, என்ஜின் ஓடும்போது எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் சரியில்லை. டென்சோவின் 5 பின் வகையில் சிக்னல் 0.2 முதல் 4.9 வோல்ட்டுக்குள் இருக்கும். ஐடிலில் 1 வோல்ட்டுக்குச் சற்று மேலே நின்று, ரேஸ் கொடுத்ததும் தடங்கல் இல்லாமல் ஏறி இறங்க வேண்டும். இதே வகையை வண்டியிலிருந்து கழற்றி, 12 வோல்ட் கொடுத்து, ஹேர் டிரையரால் குளிர்ந்த காற்றை ஊதியும் சோதிக்கலாம். ஊதும்போது வோல்ட் அசையவில்லை என்றால் சென்சார் செத்துவிட்டது. சில வண்டிகளில் சிக்னல் வோல்ட்டாக வராமல் அதிர்வெண்ணாக (ஃப்ரீக்வென்ஸி) வரும். அங்கே மீட்டரை ஹெர்ட்ஸில் வையுங்கள்.

சுத்தம் செய்து பார்த்துவிட்டு மாற்றுங்கள்

ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும். கார்ப் கிளீனர், பிரேக் கிளீனர் வேண்டாம். பிளாஸ்டிக்கையும் பூச்சையும் அரித்துவிடும். சென்சாரைக் கழற்றி, 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்து கம்பியின் மீது 10 முதல் 15 தடவை அடியுங்கள். பட்ஸ், பிரஷ், கம்ப்ரெஸர் காற்று எதுவும் கம்பியில் படக்கூடாது. 20 நிமிடம் தானாகக் காயட்டும். ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் கம்பி போய்விடும். பொருத்தும்போது ஓ-ரிங் மடியாமல், குழாயில் காட்டியுள்ள காற்றின் திசையில் பொருந்துகிறதா என்று பாருங்கள். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் அதை மாற்றுங்கள், இல்லையேல் சில மாதத்தில் அதே பிசுக்கு வரும்.

மாற்ற வேண்டி வந்தால் பழைய சென்சாரில் உள்ள பார்ட் நம்பர் அப்படியே இருப்பதைத்தான் வாங்க வேண்டும். வடிவம் ஒன்றாக இருந்தும் உள்ளே அளவுத்திட்டம் வேறாக இருக்கும் சென்சார்கள் உண்டு. போலிகளும் மார்க்கெட்டில் நிறைய. சுத்தம் செய்தாலும் மாற்றினாலும் எர்ரர் கோடையும் ஃபியூயல் ட்ரிம்மையும் அழித்துவிட்டு, ரேஸ் எதுவும் கொடுக்காமல் 10 நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு 20 கிலோமீட்டர் ஓட்டி ட்ரிம்மைத் திரும்பப் படியுங்கள்.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் ஐடிலில் நிற்கிறது என்றால் த்ராட்டில் பாடியின் கரிப்படிவத்தையும் ஐடில் வால்வையும் பாருங்கள். சூடானதும் ஓட்டத்திலேயே சட்டென்று அணைந்து, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது, செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம் சைபராகவே நிற்கிறது என்றால் சந்தேகம் கிராங்க் சென்சார் (என்ஜின் சுழல்வதைப் பார்ப்பது) மீது.