பாரதி பாட்டுக்கு வந்த காப்புரிமைத் தடை: நான் சரிசெய்த விதம்

ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்துக்காக ஒரு வீடியோ செய்து இணையத்தில் பொதுவில் ஏற்றினேன். மறுநாளே காப்புரிமைக் கோரிக்கை வந்து, வீடியோ முடங்கியது. இத்தனைக்கும் அதில் இருந்தது, பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பாரதியார் பாட்டு. 1949லேயே நாட்டுடைமையான எழுத்து.

பாட்டைச் சில நொடிகளாக வெட்டிப் பார்த்தேன். பலனில்லை. 'கல்விக்காக மட்டும்' என்று குறிப்பு போட்டேன், அதுவும் எடுபடவில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(j) பிரிவைக் காட்டி முறையிட்டேன், நிராகரித்துவிட்டார்கள். அந்தப் பிரிவை முழுசாக வாசித்தால் காரணம் புரியும். ஒலிப்பதிவைப் பள்ளியில் ஒலிக்கவிடலாம். ஆனால் கேட்பவர்கள் மாணவர், ஆசிரியர், பணியாளர், பெற்றோர் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். இணையம் அந்த வட்டத்துக்கு வெளியே.

கோரிக்கைக் கடிதத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: உரிமை கோரப்படுவது எதற்கு என்பது. எனக்கு வந்ததில் 'ஒலிப்பதிவு' என்று இருந்தது. வரிகள் எல்லோருக்கும் பொது; பாடிப் பதிந்ததற்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. மெட்டுக்கோ இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டு வரை தனி உரிமை.

சரி என்று, மாணவிகளையே அவர்கள் போட்ட மெட்டில் பாடச் சொல்லி, பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, செல்போனில் பதிந்தேன். பழைய ஒலியை நீக்கி இதைச் சேர்த்துப் புதிதாக ஏற்றினேன். கோரிக்கை வரவில்லை. அப்பாடா! பழைய இசைத்தட்டுப் பாட்டை இப்போது வகுப்பறை ஸ்பீக்கரில் மட்டும் போடுகிறேன்.