கீத பவனி வண்டிக்கு லைட் கட்டுவது எப்படி?

பகலில் நீலகிரி மலையின் கேத்தியில் கேரட் மூட்டை ஏற்றும் பிக்கப்தான், டிசம்பர் ராத்திரிகளில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகும் எங்கள் கீத பவனி வண்டி. ஸ்பீக்கரும் கீபோர்டும் வண்டியில். பாடுகிறவர்கள் பின்னால் நடந்து வருவார்கள். லைட் கட்டுவது என் பொறுப்பு. முதல்முறை கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்ன வாங்குவது

வீட்டில் மாட்டும் 230 வோல்ட் சீரியல் செட்டை இன்வெர்ட்டர் வைத்து எரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பனி ஈரத்தில், இரும்பு வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம். சிலிக்கான் பூச்சுள்ள 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப், 5 மீட்டர் ரோல் இரண்டு போதும். கூடவே வயர், ஸ்விட்ச், ஃபியூஸ், கேபிள் டை.

ஒட்டுவது

மத்தியான வெயிலில் ஒட்டுங்கள். குளிரில் ஸ்ட்ரிப்பின் பசை பிடிக்கவே பிடிக்காது. சாயங்காலம் ஒட்டினால் முதல் வளைவிலேயே வால் மாதிரி தொங்கும். செம்மண்ணைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பசையை மட்டும் நம்பாமல் சாணுக்கு ஒரு கேபிள் டை போடுங்கள். தார்ப்பாய்க் கம்பியில் இது சுலபம்.

நீளம் அதிகமென்றால் கத்தரிக்கோல் படம் போட்ட கோட்டில் மட்டும் வெட்டுங்கள். தள்ளி வெட்டினால் அந்தத் துண்டில் உள்ள பல்புகள் எரியாது. வெட்டிய முனையை சிலிக்கான் பசையால் மூடிவிடுங்கள்.

வயரிங்

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், அப்புறம் ஸ்விட்ச், அப்புறம் ஸ்ட்ரிப். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். ஏனென்றால் குலுங்கும் வண்டியில் வயர் தகர விளிம்பில் உரசி ஷார்ட் ஆனால், ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயரைக் காப்பாற்ற எதுவும் இல்லை. ரோலுக்கு 24 வாட் என்றால் இரண்டுக்கும் 48 வாட், அதாவது 4 ஆம்பியர். 7.5 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். எரியவில்லையா? பயப்படாதீர்கள், சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும்.

வயர் கேபினுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கொஞ்சம் தொய்வாகத் தொங்கவிடுங்கள். பனித்துளி வயர் வழியே ஓடி வந்து அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும். இல்லையென்றால் நேராக ஸ்விட்சுக்குள் இறங்கும்.

பேட்டரி

நான் சூடு பட்டுத் தெரிந்துகொண்டது இது. பாட்டு கேட்க வேண்டுமே என்று வீட்டுக்கு வீடு இன்ஜினை நிறுத்தினோம். லைட்டும் ஸ்பீக்கரும் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசித் தெருவில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. குளிரில் பேட்டரிக்கு ஏற்கெனவே தெம்பு குறைவு. நல்லவேளை, இறக்கம், தள்ளிவிட்டோம். இப்போது லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் தனியாக ஒரு பேட்டரி வைத்துக்கொள்கிறோம்.

எங்கே கட்டக்கூடாது

ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், நம்பர் பிளேட், முன்கண்ணாடி ஆகிய எதையும் மறைக்காதீர்கள். முன்பக்கம் சிவப்பு வேண்டாம். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுவது எங்கேயும் வேண்டாம். எதிரே வருகிறவர் ஆம்புலன்ஸ் என்று நினைப்பார். பானெட்டிலும் கட்டாதீர்கள். மூடுபனி இறங்கினால் அந்த வெளிச்சம் வெள்ளைச் சுவராகத் திரும்பி டிரைவர் கண்ணில்தான் அடிக்கும்.

கடைசி ராத்திரி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வெட்டிய கேபிள் டை துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போடுங்கள். தெருவில் விட்டால் மாடு தின்னும், தப்பியது கேரட் மூட்டைக்குள் போகும்.