ஜிம்மில் எடை ஏறவில்லையா? ஒரு நோட்டு வாங்குங்கள்

நாகர்கோவிலில் ஜிம் சேர்ந்த முதல் மூன்று மாதம் எனக்குத் திருவிழாதான். பெஞ்ச் பிரஸ்ஸில், அதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்து எடைக் கம்பியை நெஞ்சுக்கு மேலே தள்ளும் பயிற்சியில், வாரம் தவறாமல் எடை ஏறியது. அப்புறம் 50 கிலோவில் நின்றது, நின்றதுதான். மெல்ல மட்டம் போடத் தொடங்கினேன். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை; சாக்குக்கா பஞ்சம்?

தொடக்கத்தில் பலம் வேகமாகக் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால். தசை வளர்வது மெதுவான வேலை. அதனால் வேகம் குறைந்ததும் பயப்பட வேண்டாம்.

படி 1: சின்ன நோட்டு ஒன்று வாங்கி ஒவ்வொரு செட்டையும், அதாவது இடையில் ஓய்வெடுக்காமல் தொடர்ந்து எத்தனை முறை தூக்கினீர்கள் என்பதை, எழுதுங்கள். என் நோட்டில் ஒரு வாரம் ‘50 கிலோ: 8, 7, 6’. அடுத்த வாரம் ‘8, 7, 7’. கடைசி செட்டில் ஒன்று கூடியிருக்கிறது! எடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது கண்ணில் படவே இல்லை.

படி 2: மூன்று செட்டிலும் 10 வந்த பிறகே எடையைக் கூட்டுங்கள். அதுவும் கம்பியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு 1.25 கிலோ பிளேட் (எடைத் தட்டு) போதும். எங்கள் ஜிம்மில் அந்தக் குட்டி பிளேட் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. எடுக்க எல்லோருக்கும் வெட்கம். பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு கல் இருக்கிறதே, படையில் சேர வந்தவர்கள் அதை 101 முறை தூக்கிக் காட்ட வேண்டும் என்பார்கள். அங்கேயும் கல் ஒன்றுதான், எண்ணிக்கைதான் கணக்கு.

படி 3: மூன்று வாரமாக நோட்டில் எதுவுமே நகரவில்லையா? ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாகக் குறையுங்கள். ஆனால் போவதை நிறுத்த வேண்டாம்.

படி 4: தட்டைப் பாருங்கள். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் நல்ல சாப்பாடுதான். ஆனால் புரதம் இருப்பது சாளையில், கிழங்கில் அல்ல. நான் கிழங்கை மலைபோல் குவித்து மீன் இரண்டோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். இப்போது கணக்கு தலைகீழ். 60 கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்கு 90 கிராமுக்கு மேல் புரதம் கிடைத்தால் நல்லது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 5: மனசே வராத நாளில் ‘ஒரே ஒரு பயிற்சி, பத்து நிமிடம்’ என்று கிளம்புங்கள். பத்து நிமிடத்தில் திரும்பினாலும் சரி, நோட்டில் எழுதிவிடுங்கள். கூட்டாளி ஒருவன் இருந்தால் இன்னும் நல்லது. “மக்கா, எங்க இருக்க?” என்று போன் வந்தால் படுத்திருக்க முடியாது.

போன வாரம்தான் 52.5 கிலோ என்று எழுதினேன். பக்கத்திலேயே 6, 5, 5.