போஸ்ட்கிரஸ் 16-க்குப் போகும் வழியில் போஸ்ட்ஜிஐஎஸ்

குளச்சல் பக்கத்து மீன் இறங்குதளங்களின் வரைபடத் தரவு, நாகர்கோவிலில் எங்கள் சர்வரில் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 13-ஆம் பதிப்பில் இருந்தது. 16-க்கு மாற்ற, அதற்கான கருவியான பிஜி_அப்கிரேடை ஓட்டினால், ஏதோ லைப்ரரி இல்லை என்று பாதியில் நின்றது. அது எழுதிவைத்த கோப்பைத் திறந்தால் போஸ்ட்ஜிஐஎஸ் பெயர்.

வரைபடத் தரவைக் கையாள போஸ்ட்கிரஸில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன், அதாவது துணை மென்பொருள், இது; போஸ்ட்கிரஸோடு வருவதில்லை. தனிக் குழு பராமரிக்கிறது. அவர்களிடமே கேட்டேன், பிழைச்செய்தி, பதிப்பு எண்கள் எல்லாம் சேர்த்து. வெறுமனே 'ஓடல' என்றால் யார்தான் என்ன சொல்வார்கள்? போஸ்ட்கிரஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் எக்ஸ்டென்ஷனைத் தனியாகக் கம்பைல் செய்தாக வேண்டுமாம். "16-க்கான போஸ்ட்ஜிஐஎஸ் பேக்கேஜை மட்டும் நிறுவுங்கள், கிரியேட் எக்ஸ்டென்ஷன் கட்டளையைப் போட்டுவிடாதீர்கள், புது கிளஸ்டர் (16-இன் டேட்டாபேஸ் தொகுப்பு) காலியாக இருக்கணும்" என்றார் ஒருவர்.

சரி, அப்படியே செய்தேன், ஓடிவிட்டது. அப்புறம் எக்ஸ்டென்ஷனைப் புதுப்பிக்க, ஒவ்வொரு டேட்டாபேஸிலும் போஸ்ட்ஜிஐஎஸ்_எக்ஸ்டென்ஷன்ஸ்_அப்கிரேட் ஃபங்ஷனையும் ஓட்டிவிட்டேன்.