ஆஷ்போர்ன் சந்தை நகரத்தின் விழா நாட்களுக்குத் திட்டமிட்டுச் செல்வது எப்படி

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைநாட்டுக்குத் தெற்கு வாசலாக அமைந்திருக்கும் ஆஷ்போர்ன், 1257-ஆம் ஆண்டிலேயே சந்தை கூட்டுவதற்கு அரச சாசனம் பெற்ற ஊர். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடாத இந்தச் சிறு நகரத்துக்கு எந்த மாதத்திலும் போகலாம் என்றாலும், ஊரும் அதன் சுற்றுப்புறமும் தம் இயல்பான முகத்தைக் காட்டுகிற நாட்கள் ஆண்டுக்குச் சிலவே. சனி, ஞாயிறு விடுமுறையைப் பார்த்துப் புறப்படுகிறவர்களுக்கு அந்த நாட்கள் அகப்படுவதில்லை. அவை செவ்வாய், புதன், வியாழன் என்று வாரத்தின் நடுவில், அதுவும் ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு தேதியில் வருகின்றன. ஆகவே முதல் வேலை நாள் குறிப்பதுதான்; தங்குமிடமும் பயணச்சீட்டும் அதற்குப் பிறகு.

நாள் குறிக்க ஈஸ்டர் ஞாயிறு எப்போது என்று தெரிந்தால் போதும். ‘ராயல் ஷ்ரோவ்டைட் ஃபுட்பால்’ என்ற ஊரின் பெரிய பந்தாட்டம் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாயன்றும், மறுநாள் திருநீற்றுப் புதனன்றும் நடக்கிறது. அந்தச் செவ்வாய் ஈஸ்டருக்கு 47 நாள் முந்தி வரும். அருகிலுள்ள டிஸ்ஸிங்டன் கிராமத்தின் கிணற்று அலங்காரம், ஈஸ்டருக்கு 39 நாள் கழித்து வரும் விண்ணேற்ற வியாழனையொட்டி நடக்கிறது. 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28 என்பதால், பந்தாட்டம் பிப்ரவரி 9, 10 ஆகிய நாட்களிலும் விண்ணேற்ற வியாழன் மே 6 அன்றும் அமையும். 2028-இல் ஈஸ்டர் ஏப்ரல் 16. ஆட்டத்தின் முதல் நாள் பிப்ரவரி 29 ஆகவும், விண்ணேற்ற வியாழன் மே 25 ஆகவும் வரும். தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆலயங்களின் நாட்காட்டியைப் பார்த்து இதைக் கணக்கிடக் கூடாது. அங்கே விண்ணேற்றப் பெருவிழா அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. டிஸ்ஸிங்டனிலோ பழைய வழக்கப்படி வியாழன்தான்.

ஆட்டத்தைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டு போகாவிட்டால், அங்கே பார்ப்பது வெறும் தள்ளுமுள்ளாகவே தோன்றும். ஊரின் குறுக்கே ஹென்மோர் என்ற சிற்றாறு ஓடுகிறது. ஆற்றுக்கு வடக்கே பிறந்தவர்கள் ‘அப்பர்ட்ஸ்’ அணி, தெற்கே பிறந்தவர்கள் ‘டவுனர்ட்ஸ்’ அணி. குடிமாறிப் போனாலும் அணி மாறுவதில்லை. கிழக்கே ஸ்டர்ஸ்டனிலும் மேற்கே கிளிஃப்டனிலும் பழைய ஆலைகள் இருந்த இடங்களை ஒட்டி இரண்டு இலக்குகள் உண்டு. இரண்டுக்கும் இடையே மூன்று மைல் தொலைவு. அப்பர்ட்ஸ் ஸ்டர்ஸ்டனுக்கும் டவுனர்ட்ஸ் கிளிஃப்டனுக்கும் பந்தைக் கொண்டுபோக முயல்வார்கள். அதாவது, எதிரியின் எல்லைக்குள் அல்லாமல் தம் இலக்குக்கே பந்தைச் சேர்ப்பதுதான் வெற்றி. சேர்த்தவர் ஆற்றுக்குள் நின்றபடி, அங்கே பதித்திருக்கும் ஆலைக்கல்லில் பந்தை மூன்று முறை தட்ட வேண்டும். அந்தப் பந்து அவருக்கே சொந்தமாகிவிடும். யார் தட்டுவது என்பது பெரும்பாலும் தற்செயலாக அமைவதில்லை. இலக்கை நெருங்கும்போதே, ஊருக்காக நெடுங்காலம் ஆடிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரை அணியினர் முடிவுசெய்துவிடுகிறார்கள்.

தோலால் தைத்து, கையால் வண்ணம் தீட்டிய பந்து அது. சாதாரணக் கால்பந்தைவிடப் பெரியது. ஆற்றில் விழுந்தால் மிதக்க வேண்டும் என்பதற்காக உள்ளே போர்ச்சுக்கல் நாட்டுத் தக்கையை அடைத்திருப்பார்கள். காலால் உதைப்பதைவிட, நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் திரளுக்குள் பந்தைக் கைப்பற்றி நகர்த்துவதே ஆட்டத்தின் பெரும்பகுதி. இந்தத் திரளை உள்ளூரில் ‘ஹக்’ என்கிறார்கள். விதிகள் மிகக் குறைவு. கொலை கூடாது, பந்தை வண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது, சட்டைக்குள்ளோ பைக்குள்ளோ மறைக்கக் கூடாது, கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் தேவாலய வளாகத்துக்குள்ளும் நுழையக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் ஆடக் கூடாது என்பதும் விதி. ஆட்டம் எப்போது தொடங்கிற்று என்பதற்கு உறுதியான ஏடு எதுவும் இல்லை, ஏனெனில் பழைய பதிவுகள் 1890-களில் நடந்த தீ விபத்தில் எரிந்துபோயின. 1928-இல் அன்றைய வேல்ஸ் இளவரசரும், 2003-இல் இப்போதைய மன்னர் சார்லஸும் பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தின் பெயரில் இருக்கும் ‘ராயல்’ என்ற சொல்லுக்கு 1928-ஆம் ஆண்டு வருகையே காரணம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஷா க்ராஃப்ட் என்ற வாகன நிறுத்தத் திடலில், ஒரு மேடைமீது நின்று சிறப்பு விருந்தினர் பந்தைக் கூட்டத்துக்குள் எறிவார். அதற்கு முன்பு எல்லோரும் சேர்ந்து ‘ஆல்ட் லாங் சைன்’ பாடலையும் தேசிய கீதத்தையும் பாடுவார்கள். இதைத் தவறவிடாமல் இருக்க ஒரு மணிக்கு முன்பே திடலுக்குப் போய்விடுவது நல்லது. ஆனால் மேடைக்கு அருகே இடம் பிடிக்க முயலாதீர்கள். பந்து விழும் இடம் அதுதான் என்பதால், எறிந்த சில நொடிகளில் அங்கே நிற்பவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆட்டக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். திடலின் விளிம்பில், பின்வாங்குவதற்கு வழி இருக்கும் இடமாகப் பார்த்து நிற்பதே உத்தமம். முதுகுக்குப் பின்னால் சுவரோ கடைக் கதவோ இருக்கும் இடத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். திரள் திசை மாறுவதற்கு முன் அறிவிப்பு எதுவும் தராது.

முதல் மணி நேரத்தில் பந்து கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அதனால் சலிப்படைந்து திரும்பிவிடாமல், திரளின்மேல் எழும் நீராவியையும் கைகள் நீளும் திசையையும் கவனித்தால் பந்து இருக்கும் இடம் புலப்படும். என் கணிப்பில் ஆட்டத்தின் சிறந்த காட்சி ஆற்றில்தான். பந்து ஹென்மோருக்குள் இறங்கியதும், மார்கழிக் குளிரையே குளிர் என்று எண்ணி வளர்ந்தவர்கள் நம்ப மறுக்கும் அளவுக்குச் சில்லிட்ட தண்ணீரில் ஆட்கள் இடுப்பளவு நின்று போராடுவதைக் கரையிலிருந்து தெளிவாகப் பார்க்கலாம். பிப்ரவரியில் ஐந்து மணியை ஒட்டியே இருட்டிவிடும். அதன்பின் திரள் ஊரைவிட்டு வயல்வெளிக்குள் போய்விட்டால், நிலம் தெரியாதவர்கள் பின்தொடர வேண்டாம். உணவகத்திலோ மதுக்கூடத்திலோ இருந்துகொண்டு, கோல் விழுந்த செய்தி வருவதற்குக் காத்திருப்பதுதான் அறிவுடைமை. மாலைக்குள் சீக்கிரமே கோல் விழுந்துவிட்டால், புதிய பந்து எறியப்பட்டு ஆட்டம் மீண்டும் தொடங்குவதும் உண்டு.

உடையைப் பொறுத்தவரை, சேற்றுக்குப் பயப்படாத தடித்த காலணியும் நீர் புகாத மேலாடையும் கட்டாயம் வேண்டும். தோளில் பெரிய பை வேண்டாம். பந்தை மறைத்து வைத்திருக்கிறீர்களோ என்ற ஐயம் ஒருபுறம் இருக்க, நெரிசலில் அது உங்களையே இழுத்துக்கொண்டு போகும். குழந்தைகளை அழைத்துச் சென்றால் தொடக்கத்தைப் பார்த்துவிட்டு ஊரின் மேட்டுப் பகுதிக்கு நகர்ந்துவிடுங்கள். காரில் போகிறவர்கள் அதை ஆட்டப் பாதையிலிருந்து நெடுந்தொலைவில் நிறுத்த வேண்டும். உள்ளூர்க் கடைக்காரர்களே தங்கள் கண்ணாடிகளைப் பலகை அடித்து மூடிவிட்டு, அந்த இரண்டு நாளும் எச்சரிக்கையோடு இருக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளவும். ஆஷ்போர்னின் பயணிகள் ரயில் சேவை 1954-இலேயே நின்றுவிட்டது. லண்டனிலிருந்து வருகிறவர்கள் டார்பி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். விழா நாட்களில் பேருந்து வழித்தடம் மாறக்கூடும் என்பதால், திரும்பும் கடைசிப் பேருந்து எங்கே நிற்கும் என்பதை இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடங்கள் குறைவாகையால் பல மாதங்கள் முன்னதாகவே பதிவுசெய்ய வேண்டும். பதிவு, ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும். கோமாரி நோய் பரவியதால் 1968-இலும் 2001-இலும், பெருந்தொற்றால் 2021-இலும் ஆட்டம் நடக்கவில்லை. என்னைக் கேட்டால், புதன் இரவோடு கிளம்பாமல் வியாழனும் தங்கச் சொல்வேன். வியாழக்கிழமை சந்தை நாள். சரிவான நிலத்தில் அமைந்த பழைய சந்தைத் திடலில் நிதானமாக நடந்து, முந்தைய இரு நாட்களில் பார்க்க முடியாத ஊரைப் பார்க்கலாம். 212 அடி உயரக் கோபுர முனை கொண்ட புனித ஆஸ்வால்ட் தேவாலயமும், அதற்கு எதிரே 1585-இல் நிறுவப்பட்ட பழைய இலக்கணப் பள்ளியின் கட்டடமும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஊரின் இஞ்சி ரொட்டியையும் வாங்கிக்கொள்ளலாம். நெப்போலியன் காலப் போரில் பிடிபட்டு இங்கே வைக்கப்பட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகளிடமிருந்து அதன் செய்முறை வந்தது என்பது ஊர் வழக்கு.

கூட்ட நெரிசல் ஒத்துவராதவர்கள், முதியவர்கள், சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள் ஆகியோருக்கு நான் பரிந்துரைப்பது மே மாதத்து டிஸ்ஸிங்டன் பயணத்தைத்தான். ஆஷ்போர்னுக்கு வடக்கே சுமார் நான்கு மைலில் உள்ள அந்தக் கிராமத்தில், ஊருக்கு நீர் தந்த கிணறுகளையும் ஊற்றுகளையும் மலர்ச் சித்திரங்களால் அலங்கரித்து நன்றி செலுத்துகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் கொள்ளைநோய் இந்த ஊரை அண்டாதிருந்ததற்கு அதன் தூய நீரே காரணம் என்றும், 1615-இல் வந்த கடும் வறட்சியிலும் ஊற்றுகள் வற்றாததற்கான நன்றி இது என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள். மரச்சட்டங்களை நீரில் பல நாள் ஊறவைத்து, அவற்றில் ஈரக் களிமண்ணைப் பூசி, படத்தின் கோடுகளைப் பதித்து, பூவிதழ், இலை, பாசி, விதை ஆகியவற்றை ஒவ்வொன்றாக அழுத்திப் பதிக்கிறார்கள். மழை பெய்தாலும் நீர் வழிந்தோடும்படி, வீட்டுக்கு ஓடு வேய்வதுபோல் இதழ்மீது இதழாகக் கீழிருந்து மேலாக அடுக்குவதைக் கவனித்துப் பார்க்கவும். வியாழனன்று தேவாலய வழிபாடு முடிந்ததும் ஊர்வலமாகச் சென்று கிணறுகளை ஒவ்வொன்றாக மந்திரிக்கிறார்கள். அந்த ஊர்வலத்தைக் காண விரும்பினால் காலையிலேயே போய்ச் சேர வேண்டும். அலங்காரம் ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். களிமண் உலர உலர இதழ்களின் நிறம் மங்குமாதலால், முதல் இரண்டு மூன்று நாட்களே படம் எடுக்க ஏற்றவை.

டிஸ்ஸிங்டனுக்குக் காரில் போவதைக் காட்டிலும், பழைய ரயில் தடத்தைச் செப்பனிட்டு 1971-இல் திறந்த ‘டிஸ்ஸிங்டன் ட்ரெயில்’ பாதையில் நடந்தோ மிதிவண்டியிலோ போவது இனிது. ஆஷ்போர்னின் மேப்பிள்டன் லேன் பக்கத்தில் பாதை தொடங்குகிறது. அங்கே மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். நிதானமாக நடந்தால் கிராமத்தைச் சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். பாதை முழுவதும் பார்சலி ஹே வரை 13 மைல் நீளம் என்பதால், எங்கே திரும்புவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். போகும்போது பாதை மெல்ல ஏறுவதால், திரும்பும் வழியில் கால்களுக்குச் சிரமம் குறைவாகவே இருக்கும்.