கழுத்துக்கு மேலே யாருடி இது? மேக்கப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சித்தி மகளின் கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வந்த அன்று, அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிசப்ஷன் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "கழுத்துக்குக் கீழ நம்ம புள்ளதான், மேல யாருடி இது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்த மேக்கப்பைப் போட்டது நான்தான்.

முகம் சுண்ணாம்பு அடித்த சுவர். கழுத்தும் கையும் அவளுடைய இயல்பான மாநிறம். கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்த மாதிரி இரண்டு திட்டு. அன்று மணமகள் அறையில் கண்ணாடி முன்னால் பார்த்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியவே இல்லை, "சூப்பரா இருக்கு" என்று நானே சொல்லித்தான் மேடைக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று நிறையப் பேருக்குப் போட்டுப் பழகிவிட்டேன். இப்போது திரும்பிப் பார்த்தால், அந்த ஒரே படத்தில் முக்கால்வாசித் தவறுகளையும் செய்து வைத்திருக்கிறேன். பொருள் மட்டமானது என்பதால் வந்த வினை இல்லை. அந்த முகத்தை எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார்கள், எத்தனை மணி நேரம் அது தாங்க வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காததால் வந்தது.

முதல் தவறு, ஷேடு. கடைக்குப் போனால் பவுண்டேஷனை, அதாவது முகம் முழுக்க ஒரே நிறமாகத் தெரியப் பூசுகிற கிரீமை, புறங்கையில் தடவிப் பார்க்கிறோம். புறங்கை வெயில் பட்டுப் பட்டு வேறு நிறத்தில் இருக்கும், அதில் பொருந்துவது முகத்தில் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கன்னத்தில் தடவிப் பார்ப்பதும் போதாது, ஏனென்றால் நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும் கொஞ்சம் கருத்தும் கன்னம் மட்டும் வெளுத்தும் இருக்கும். தாடை ஓரத்தில், கழுத்தைத் தொடுகிற மாதிரி, மூன்று ஷேடுகளைச் சின்னச் சின்னக் கோடுகளாகப் போடுங்கள். போட்டுவிட்டு கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. அதையும் உடனே வாங்கிவிடாதீர்கள், ஒரு கால் மணி நேரம் பொறுங்கள். சில பவுண்டேஷன்கள் காற்றும் முகத்து எண்ணெயும் பட்டவுடன் கொஞ்சம் கருத்துப் போகும். கடையில் கச்சிதமாக இருந்தது வீட்டுக்கு வரும்போது செங்கல் நிறமாகத் தெரிவது அதனால்தான்.

அண்டர்டோன் என்று ஒன்று இருக்கிறது, சரியான ஷேடு எடுத்தும் முகம் ஒட்டாமல் தெரிந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். நம் ஊர்த் தோலில் பெரும்பாலும் மஞ்சள் கலந்த சாயலோ, லேசான பச்சை கலந்த ஆலிவ் சாயலோ அடியில் இருக்கும். அதன் மேல் ரோஸ் சாயலுள்ள பவுண்டேஷன் விழுந்தால் முகம் ஒரு மாதிரி ஊதா சாம்பலாகிவிடும். இது போதாதென்று மேலே டால்கம் பவுடரையும் அப்பிக்கொள்கிறோம். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், விடுவது கஷ்டம்தான், ஆனால் மாநிறத்துக்கும் கருப்புக்கும் அது வெள்ளைப் படலம் மாதிரிதான் உட்காரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "ஒரு ஷேடு தூக்கிக் கொடுங்க" என்று கேட்கிற வழக்கம் இருக்கிறதே, கல்யாண மேக்கப்பைக் கெடுப்பதில் அதற்குத்தான் முதல் இடம். பெரும்பாலும் பெண் கேட்பதில்லை, பின்னால் நிற்கிற அத்தையோ பெரியம்மாவோ கேட்பார்கள். அன்று எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது, நானும் தலையாட்டிவிட்டேன்.

அடுத்தது வெளிச்சம். மண்டபத்து மணமகள் அறையில் பெரும்பாலும் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் தலைக்கு மேலே. கண்ணுக்குக் கீழே நிழல் விழும், அந்த நிழலைக் கருவளையம் என்று நினைத்து, அதை மறைக்கிற கன்சீலரைக் கொட்டுவோம். வீட்டில் மஞ்சள் பல்பு இருந்தால் கன்னத்துக்குச் சிவப்பு கொடுக்கிற பிளஷ் போட்டதே தெரியாது, அதனால் இன்னும் இன்னும் போடுவோம், வாசலுக்கு வந்தால் இரண்டு கன்னத்திலும் அறை வாங்கிய மாதிரி இருக்கும். தினமும் போடுகிறவர்கள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஜன்னல் முதுகுப் பக்கம் இருக்கக் கூடாது.

பிளாஷ் அடித்தால் முகம் மட்டும் வெள்ளையாகப் பளீரென்று வருவது இன்னொரு கதை. சன்ஸ்கிரீனில் இருக்கும் ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு, சில எச்.டி. பவுடர்களில் இருக்கும் சிலிகா, இவையெல்லாம் பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேரில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, படத்தில்தான் மாட்டிக்கொள்வோம். விசேஷத்துக்குப் போகும் முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, பிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுங்கள். செலவில்லாத சோதனை, எனக்கு அன்று தெரிந்திருந்தால் அப்பத்தாவிடம் தப்பித்திருப்பேன்.

சரி, தினசரி மேக்கப்புக்கு வருவோம். இங்கே நடக்கிற பெரிய தவறு, கல்யாண மேக்கப்பைச் சுருக்கி ஆபீஸுக்குப் போட நினைப்பது. பவுண்டேஷனுக்கு அடியில் போடுகிற பிரைமர், பவுண்டேஷன், கன்சீலர், மேலே போடுகிற காம்பாக்ட் பவுடர் என்று எல்லாமே இருக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். மே மாதம் சென்னையில் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் நின்றால் அவ்வளவும் மூக்கோரத்தில் வந்து கூடிவிடும். தினசரிக்கு முழு முகத்துக்கும் பவுண்டேஷன் தேவையில்லை என்பது என் கட்சி. எங்கே கறுப்புத் தழும்போ சிவப்போ இருக்கிறதோ அங்கே மட்டும் கடுகளவு கன்சீலர், விரல் நுனியால் தட்டிவிடுங்கள், தேய்க்காதீர்கள். மீதி இடத்தில் தோல் தோலாகவே தெரியட்டும். புருவத்தை ஒரு தடவை வாரிவிட்டு, கண்ணுக்குக் கொஞ்சம், உதட்டுக்குக் கொஞ்சம். ஐந்தாறு நிமிஷ வேலை.

இதில் யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம், தலைக்குக் குளித்துவிட்டு வந்த உடனே மேக்கப் போடுவது. குளித்த சூட்டில் முகம் வேர்த்துக்கொண்டே இருக்கும், அந்த ஈரத்தின் மேல் எதைப் போட்டாலும் திட்டுத் திட்டாக நிற்கும். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து முதலில் வேர்வை அடங்கட்டும். சன்ஸ்கிரீன் போட்டு அது தோலில் அமர ஐந்து நிமிஷம், அதற்குள் தலையைப் பின்னிவிடலாம். அவசரத்தில் ஒன்றன் மேல் ஒன்று போட்டால்தான் அழுக்கு உருளுகிற மாதிரி சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு வரும். தண்ணீர் அடிப்படையிலான கிரீமும் சிலிகோன் அடிப்படையிலான பிரைமரும் சேராமல் திரள்வதும் உண்டு. எது எதோடு சேரும் என்பதை லீவு நாளில் வீட்டில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், பவுண்டேஷனில் எஸ்.பி.எஃப். 15 என்று வெயில் பாதுகாப்பு எண் எழுதியிருப்பதை நம்பி சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். அந்த எண் கிடைக்கிற அளவுக்குப் பவுண்டேஷன் போட்டால் முகமூடி மாதிரிதான் இருக்கும்.

கருவளையம் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சாம்பல் திட்டு ஏன் வந்தது என்று எனக்குப் புரியவே இரண்டு வருஷம் ஆனது. நம் கருவளையம் வெறும் கறுப்பு இல்லை, பழுப்பும் நீலமும் கலந்தது. அதன் மேல் நம் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுத்த கன்சீலரைப் போட்டால் என்ன ஆகும்? கறுப்புச் சட்டையில் வெள்ளைப் பெயின்ட் பட்டு லேசாகத் துடைத்த மாதிரி, சாம்பல்தான் வரும். நீலத்தை அடக்க அதற்கு எதிர்நிறம் வேண்டும், அது ஆரஞ்சு. மாநிறத்துக்குப் பீச், இன்னும் கருத்த நிறத்துக்கு நல்ல ஆரஞ்சு கரெக்டர், உளுந்து அளவு, கருப்பு ஆழமாக இருக்கிற உள்மூலையில் மட்டும். மோதிர விரலால் தட்டித் தட்டி ஓரத்தைக் கரைத்துவிட்டு ஒரு நிமிஷம் விடுங்கள். பிறகு உங்கள் நிறத்திலேயே இருக்கிற கன்சீலரை மெல்லிசாக மேலே. கண்ணுக்குக் கீழே முக்கோணம் வரைந்து அப்புகிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. அவ்வளவு பூசினால் சிரிக்கும்போது கோடு கோடாக வெடிக்கும்.

உதட்டில் ஒரு சங்கடம் உண்டு. நம்மில் பலருக்கு மேல் உதடு கருத்தும் கீழ் உதடு கொஞ்சம் ரோஸாகவும் இருக்கும். ஒரே லிப்ஸ்டிக் இரண்டிலும் இரண்டு நிறமாகத் தெரியும், உடனே லிப்ஸ்டிக் சரியில்லை என்று தூக்கிப் போடுகிறோம். பழுப்பு லிப் லைனரை ஓரத்துக்கு மட்டும் இழுக்காமல் உதடு முழுக்க லேசாகத் தீட்டிவிட்டு மேலே லிப்ஸ்டிக் போடுங்கள், சமமாகிவிடும். நியூட் என்று விற்பதில் பாதி வெளுத்த தோலுக்கானவை. நம் உதட்டில் அது காய்ச்சல்காரி உதடு மாதிரி இருக்கும். நமக்கு நியூட் என்றால் பிரவுன் ரோஸ், பட்டை நிறம், காய்ந்த ரோஜா இதழ் நிறம்.

கண்மை விஷயத்தில் அம்மாக்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் கண்ணின் உள்விளிம்பில்தான் கண்ணீர் உலராமல் காக்கிற எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் இருக்கிறது, தினமும் அதை மையால் அடைத்தால் எரிச்சல் வரலாம். தினசரிக்கு இமை முடியின் வேரை ஒட்டி வெளியே தீட்டினால் போதும், மதியத்துக்குள் கீழே இறங்கி வழியாமலும் இருக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸை முதலில் போட்டுவிட்டுத்தான் மை.

இப்போது விசேஷம். "கல்யாணத்துக்குத்தானே, தூக்கலா இருக்கட்டும்" என்று தினசரி போடுவதையே இரண்டு மடங்காகப் போடுகிறோம். கூட வேண்டியது தடிமன் இல்லை. மேடை விளக்கும் வீடியோ விளக்கும் நேராக அடிக்கும்போது முகத்தின் மேடுபள்ளம் எல்லாம் அழிந்து தட்டையாகத் தெரியும். அதனால் புருவம், கண்கோடு, கன்னச் சிவப்பு, உதடு ஆகிய இந்த நாலும் அழுத்தமாக வேண்டும். பவுண்டேஷன் அதே மெல்லிய அளவில், இரண்டு தவணையாக, ஈர ஸ்பாஞ்சால் அழுத்தி அழுத்தி. கழுத்து, காது, காதுக்குப் பின்னால், ரவிக்கைக்கு மேலே தெரிகிற முதுகு, இவற்றையும் விடக் கூடாது. தோடும் ஜடை அலங்காரமும் போட்டு பக்கவாட்டில் எடுக்கிற படங்களில் காது மட்டும் தனி நிறமாக நிற்கும்.

ரிசப்ஷனும் முகூர்த்தமும் ஒன்றில்லை. ரிசப்ஷன் மூன்று நாலு மணி நேரம், செயற்கை வெளிச்சம், அதனால் மினுமினு ஐஷேடோவும் அடர்ந்த லிப்ஸ்டிக்கும் தாங்கும். முகூர்த்தத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்கே உட்கார வேண்டியிருக்கும், ஹோமப் புகையில் கண் எரியும், தாலி ஏறும்போது அழுகை வரும், அது முடிந்து வெயிலில் கோயிலுக்கும் போக வேண்டும். அங்கே வாட்டர்ப்ரூஃப் ஐலைனர், மஸ்காரா தவிர வேறு பேச்சே இல்லை. மினுக்கத்தைக் குறைத்துவிடுங்கள், பகலில் அது வேர்வை மாதிரியே தெரியும். சிவப்புக் கூறைப்புடவை என்றால் அந்தச் சிவப்பு தாடையிலும் கழுத்திலும் பிரதிபலிக்கும், பிளஷைக் கொஞ்சம் பீச் பக்கம் நகர்த்தினால் முகம் அதிகம் சிவக்காது.

முந்தின நாள் நலங்கு இருந்தால் முகத்தில் மஞ்சள் ஏறியிருக்கும். டிரையலில் பொருந்திய பவுண்டேஷன் மறுநாள் பொருந்தவில்லை என்று பதறுவதற்குக் காரணம் இதுதான். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும், ஆகவே தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துவிட்டு ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவினால் நிறைய இறங்கிவிடும். பெரியவர்களிடம் முன்பே சொல்லி முகத்தில் பொட்டளவு, கை காலில் தாராளமாக என்று பேசி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஃபேஷியலை ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள், த்ரெடிங் இரண்டு மூன்று நாள் முன்னால். முதல் நாள் ராத்திரி புதிதாக எதையும் முகத்தில் தடவாதீர்கள், புது கிரீம் என்றால் காதுக்குப் பின்னால் தடவி ஒன்றிரண்டு நாள் பார்த்த பிறகுதான் முகத்துக்கு.

டச்சப் என்றால் பவுடர் என்று நினைக்கிறோம். வேர்வைக்கு மேல் பவுடர் போட்டால் மாவு பிசைந்த மாதிரிதான் ஆகும். முதலில் டிஷ்யூவை வைத்து ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள், அப்புறம் பவுடர், மூக்கு நெற்றியில் மட்டும்.

மஸ்காராவைத் திறந்து மூன்று மாதம் ஆனால் மாற்றிவிட வேண்டும், பாதி இருந்தாலும் சரி. மற்றவற்றின் டப்பாவின் அடியில் மூடி திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படமும் அதில் 6 எம், 12 எம் என்றும் இருக்கும், திறந்ததிலிருந்து அத்தனை மாதம்தான். வீட்டில் நாலு பெண்களுக்கும் ஒரே கண்மை என்பதையும் விட்டுவிடலாம். ஸ்டிக்கர் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து மறுநாள் எடுத்து ஒட்டுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். சில பொட்டுகளின் பசையில் இருக்கிற பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருள் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். அரிப்போ நிறம் மங்குவதோ தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் மேக்கப்போடு தூங்காதீர்கள். சித்தி மகளுக்கு அன்று ராத்திரி நான் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன், வாட்டர்ப்ரூஃப் மை போகாமல் கண் சிவந்ததுதான் மிச்சம். எண்ணெயை இமையில் பஞ்சோடு வைத்து அரை நிமிஷம் பொறுத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. முகத்தை எண்ணெயால் தடவித் துடைத்த பிறகு ஃபேஸ்வாஷ். ஜடையில் இருக்கும் ஹேர்பின்களை அதற்கும் முன்னால் எடுத்துவிடுங்கள், எண்ணெய்க் கையோடு அவற்றைத் தேடி எடுப்பது பெரும்பாடு.