இலக்கிய மாநாட்டுக்குச் செல்லும் மலையக மாணவருக்கு

இலங்கை மலையகப் பாடசாலைகளின் உயர்தர வகுப்பு மாணவருக்கு அவ்வப்போது ஓர் இலக்கிய மாநாட்டுக்கோ படைப்பிலக்கியப் பயிலரங்குக்கோ அழைப்பு வருகிறது. கண்டியிலோ, ஹட்டனிலோ, பதுளையிலோ, சில வேளை கொழும்பிலோ அது நடைபெறும். அதிபரின் மேசைக்கு வரும் கடிதத்தில் நாள், இடம், நேரம் ஆகியவை இருக்கும். எதைக் கொண்டுசெல்வது, எதைப் பெற்றுத் திரும்புவது என்பதை எவரும் எழுதி அனுப்புவதில்லை. மாணவரைப் பல ஆண்டுகளாக இத்தகைய கூட்டங்களுக்கு அழைத்துச் சென்று வரும் தமிழாசிரியர் என்ற முறையில், நான் கண்டவற்றைக் கொண்டு இதை எழுதுகிறேன். எழுதி முடித்த ஒரு படைப்பைக் கையில் வைத்திருக்கும் மாணவர் அங்கே எழுத்தாளராக அமர்கிறார். வெறுங்கையோடு செல்பவர் நாற்காலியை நிரப்புபவராகவே திரும்புகிறார். ஆகையால் ஆயத்தம் புறப்படும் நாளுக்குக் குறைந்தது 3 வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

அழைப்பு வந்தவுடன்

நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கி, ஆசிரியரோடு அமர்ந்து முழுமையாக வாசியுங்கள். ஆய்வரங்கு என்றால் விரிவுரையாளர்களும் ஆய்வாளர்களும் கட்டுரை வாசிக்கும் அமர்வு; கவியரங்கு என்றால் தலைப்புக் கொடுத்துக் கவிதை பாடும் மேடை; நூல் வெளியீடு பெரும்பாலும் வாழ்த்துரைகளால் நீளும் நிகழ்வு; பயிலரங்கு அல்லது பட்டறை என்பதுதான் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக அமர்ந்து எழுதி, வாசித்து, திருத்தும் இடம். ஒரே நேரத்தில் 2 அமர்வுகள் நடந்தால் தயங்காமல் பயிலரங்குக்குச் செல்லுங்கள். ஆய்வுக் கட்டுரைகளை மாநாட்டு மலரில் பின்னரும் வாசித்துக்கொள்ளலாம். உங்கள் கதையின் மூன்றாம் பந்தியில் எங்கே தொய்வு விழுந்தது என்று ஓர் எழுத்தாளர் நேருக்கு நேர் சொல்லும் அரை மணி நேரம் எந்த மலரிலும் அச்சாவதில்லை.

மாணவர் படைப்புகளை வாசிக்கும் அமர்வு எத்தனை மணிக்கு என்பதையும் கட்டாயம் பாருங்கள். ஒருமுறை எங்கள் மாணவியர் நால்வரின் கவிதைகள் இறுதி நிகழ்வாக, மாலை 5 மணிக்கு, ஒதுக்கப்பட்டிருந்தன. தலைமையுரையும் பொன்னாடை போர்த்துதலும் நேரத்தை எடுத்துக்கொள்ள, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய நாங்கள் ஒரு கவிதையும் வாசிக்காமல் எழுந்து வர நேர்ந்தது. அந்தப் பிள்ளைகள் வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முதல், தூரத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவருக்கு முற்பகலில் நேரம் தருமாறு 2 வாரங்களுக்கு முன்னரே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிவிடுகிறேன். பேருந்து நேரத்தைக் குறிப்பிட்டுக் கேட்டபோது எவரும் மறுத்ததில்லை.

அனுமதிக்கான வேலைகள் ஆசிரியருடையவை: அதிபரின் ஒப்புதல், அவர் வழியாக வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம், மாணவியர் செல்வதாயின் உடன் ஓர் ஆசிரியை. செலவைப் பற்றி மட்டும் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். பேருந்துக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் இல்லாத மாணவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். “எனக்கு ஏலாது, வீட்டில் வேலை இருக்கிறது” என்றுதான் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்டால் ஆசிரியர் அத்துடன் விட்டுவிடக் கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமோ பழைய மாணவரிடமோ முன்கூட்டியே கேட்டு, செல்லும் அனைவருக்கும் ஒரே விதமாகச் செலவை ஏற்றுக்கொண்டால், யாருக்கு உதவி செய்தோம் என்ற பேச்சே எழாது.

எதை எழுதிச் செல்வது

ஒரு சிறுகதை அல்லது 2 கவிதைகள் போதும். நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு நூறு சொற்கள் அளவில்தான் செல்லும் என்பதால், 10 நிமிட நேரத்துக்கு ஆயிரம் சொற்களுக்கு மேல் எழுத வேண்டாம். நாவலின் முதல் அத்தியாயம் என்று எதையும் கொண்டுசெல்லாதீர்கள். முடிவில்லாத எழுத்தைக் கேட்டவர்களால் அதன் அமைப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடிவதில்லை.

மாணவர் எழுத்தில் நான் மிகுதியாகக் காணும் குறை இலக்கணப் பிழையன்று. தம் வாழ்க்கையைப் பாடநூல் வாக்கியங்களில் எழுதுவதே அந்தக் குறை. “தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் துன்பத்தில் வாடுகின்றனர்” என்று எழுதிய ஒரு மாணவியிடம், நேற்று மாலை அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன சொன்னார் என்று கேட்டேன். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று 2 கிலோ கழித்துவிட்டார்கள் என்று சொன்னதாகவும், இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்காமலேயே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டதாகவும் அவள் சொன்னாள். கதை அங்கேதான் தொடங்க வேண்டும் என்றேன். துன்பம் என்ற சொல் ஒருமுறையும் வராமல் அவள் அந்தக் கதையை எழுதி முடித்தாள். பயிலரங்கில் அதை வாசித்தபோது மண்டபம் அசையாமல் கேட்டது.

பிரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பேர் போடும் இடம்), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுதல்), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), காம்பரா (லயம் எனப்படும் வரிசை வீட்டின் அறை), பணியக்கணக்கு (தோட்டத்தின் கீழ்ப்பிரிவு), அரைப்பேர் ஆகியவை நம் வீடுகளில் நாளும் புழங்கும் சொற்கள். இவற்றை எழுதினால் வெளியூரார் சிரிப்பார்கள் என்ற கூச்சம் பல பிள்ளைகளுக்கு உண்டு. யாழ்ப்பாணத்துப் பேச்சையோ தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் பேச்சையோ தம் பாத்திரங்களின் வாயில் வைத்துவிடுகிறார்கள். விவரணையை நல்ல எழுத்துத் தமிழில் எழுதுங்கள். உரையாடலை உங்கள் லயத்து வீடுகளில் பேசுகிறபடியே எழுதுங்கள். ஒரு சொல் வெளியாருக்கு விளங்காது என்று தோன்றினால், அடிக்குறிப்புப் போடாமல், அது நடக்கும் காட்சியிலேயே பொருள் தெரியுமாறு வைக்கலாம். வேலைக்குப் பேர் போட்டவர் பாதி நாளில் திரும்பி வந்து சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும் காட்சி ஒன்று இருந்தால், அரைப்பேர் என்றால் என்னவென்று எந்த வாசகரும் கேட்கமாட்டார். ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்த தெளிவத்தை ஜோசப் லயத்து மனிதர்களைப் பற்றியே எழுதிவந்தவர். 2013இல் தமிழ்நாட்டில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது. நம் சொற்கள் கடல் கடந்தும் விளங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கதைக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்பவர்களை நான் பாட்டிமாரிடம் அனுப்புகிறேன். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டு, காமன் கூத்து நடந்த மாசி இரவுகளின் நினைவு என்று ஏதாவது ஒன்றைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதி வாருங்கள். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் நாடாளுமன்றத்துக்குச் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, கவிஞராகவும் நாவலாசிரியராகவும் இருந்ததோடு நாட்டார் பாடல்களையும் திரட்டினார். அத்தொகுப்பு 1983இல் நூலாக வந்தது. பாடல் முழுவதும் நினைவில் உள்ளவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதால் இந்த வேலை அவசரமானது. பாடியவரின் பெயரையும் தோட்டத்தையும் நாளையும் அவருடைய சம்மதத்தோடு குறித்து வையுங்கள்.

உண்மை நிகழ்வைக் கதையாக்கும்போது மிகுந்த கவனம் தேவை. ஒரு லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிறோம். அடுத்த காம்பராவில் நடந்த சண்டையையோ ஒரு வீட்டின் இழப்பையோ பெயரை மட்டும் மாற்றி எழுதினால், தோட்டம் முழுவதும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். இடம், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் மாற்றுங்கள். மாற்றியும் அவர் மனம் நோகும் என்று தோன்றினால் அந்தக் கதையை இப்போது வெளியில் வாசிக்க வேண்டாம்.

எழுதுமுன் வாசிக்க நூல் கிடைப்பதில்லை என்பது நியாயமான குறை. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் நூலகம் ஓர் அலுமாரிதான். 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்னும் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக உள்ளன. மலையகச் சிறுகதைகளை அங்கே தேடி, மாநாட்டுக்கு முன் ஐந்தையாவது வாசித்துவிடுங்கள். சிறப்புப் பேச்சாளராக வரும் எழுத்தாளரின் ஒரு கதையையாவது வாசித்திருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

பயணம்

படைப்பைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வலப்புறம் அகலமான ஓரம் விட்டு எழுதி, 5 நிழற்பிரதிகள் எடுத்து, பொலித்தீன் உறையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்தோ, ஆண்டிறுதியில் பதுளைப் பக்கத்திலிருந்தோ புறப்படுபவர்களுக்கு இந்த உறை குடையைவிட முக்கியமானது. மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைக் கைவிடுவதில் தயக்கம் வேண்டாம். படைப்பை மின்னஞ்சலில் அனுப்பி, வேறொருவரை வாசிக்கச் சொல்லலாம். நுவரெலியாவுக்குப் புகையிரதத்தில் செல்பவர்கள் நானுஓயாவில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும் என்பதை நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்நகர் 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், பதுளையிலிருந்து வருபவருக்குக்கூட இரவில் கம்பளிச் சட்டை தேவைப்படும். பாடசாலைச் சீருடை, அடையாள அட்டை, ஒரு குறிப்பேடு, 2 பேனாக்கள் ஆகியவற்றோடு புத்தகக் கண்காட்சியில் ஒரு நூல் வாங்கச் சிறு தொகையும் இருந்தால் நன்று.

அரங்கில்

வாசிக்குமுன் கதையைப் பற்றி விளக்கம் சொல்லாதீர்கள். “நேரம் கிடைக்கவில்லை, பிழை இருந்தால் மன்னிக்கவும்” என்று தொடங்கும் மாணவர், கேட்பவர் காதைத் தாமே மூடிவிடுகிறார். தலைப்பைச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, வாசிக்கத் தொடங்குங்கள். மேடைப் பேச்சின் ஏற்ற இறக்கம் கதைக்குப் பொருந்தாது. தமிழ்த்தினப் போட்டிகளில் பேச்சுக்குப் பரிசு பெற்ற மாணவர் இதில் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும்.

கருத்துச் சொல்லப்படும்போது பதில் கூறாமல் எழுதிக்கொள்ளுங்கள். இது கடினமான பயிற்சி. “அந்த அப்பா ஏன் திடீரென்று மனம் மாறினார்?” என்று ஒருவர் கேட்டவுடன் காரணத்தைச் சொல்ல நா துடிக்கும், அந்தக் காரணம் தாளில் இல்லை என்பதையே அவர் சொல்கிறார். அதே கேள்வியை மூவர் கேட்டால் அந்த இடம் திருத்தப்பட வேண்டியது. ஒருவர் மட்டும், அதிலும் மலையக வாழ்க்கையை அறியாதவர், ஒரு சொல்லையோ வழக்கத்தையோ மாற்றச் சொன்னால், ஆசிரியரோடு பேசிய பின் முடிவெடுங்கள். பிறர் படைப்பைப் பற்றிப் பேசும்போது “நன்றாக இருந்தது” என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிடாமல், எந்த வரி மனத்தில் நின்றது, எந்த இடத்தில் கதை விளங்காமல் போனது என்று சுட்டிச் சொல்லுங்கள்.

எழுத்தாளரிடம் கேள்வி கேட்கக் கை உயர்த்தினால், ஒரே கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள். “எப்படி எழுதுகிறீர்கள்?” என்ற கேள்விக்குப் பழகிப்போன பதிலே வரும். அவருடைய ஒரு கதையைக் குறிப்பிட்டு, அந்த முடிவை எத்தனை முறை மாற்றி எழுதினார் என்று கேட்டால் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தேநீர் இடைவேளையில் ஒரே பாடசாலைப் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒதுங்காமல், மற்றப் பாடசாலையினரோடு படைப்புகளை மாற்றி வாசியுங்கள். தொடர்பு வேண்டுமாயின் பாடசாலை முகவரியைக் கொடுங்கள், சொந்தக் கைத்தொலைபேசி இலக்கத்தை முன்பின் அறியாதவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

திரும்பி வந்த பின்

ஒரு வாரத்துக்குள் படைப்பைத் திருத்தி எழுதிவிடுங்கள். அதற்கு மேல் தாமதித்தால் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் உங்களுக்கே விளங்காமல் போகும். காலைக் கூட்டத்தில் 5 நிமிடம் கேட்டு, செல்லக் கிடைக்காத மாணவருக்கு அங்கே கற்ற ஒன்றைச் சொல்லுங்கள், அல்லது வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகையில் எழுதுங்கள். திருத்திய படைப்பை ஒரு நாளிதழின் வாரப் பதிப்புக்கோ இலக்கியச் சஞ்சிகைக்கோ அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டுக்கு அனுப்புவது முறையன்று, முகநூலில் முன்னரே வெளியிட்டுவிட்டால் சில இதழாசிரியர்கள் ஏற்கமாட்டார்கள். பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொண்டே அனுப்புங்கள். உறையின் பின்புறம் லயத்தின் முகவரிக்குப் பதிலாகப் பாடசாலையின் முகவரியை, தமிழாசிரியரின் மேற்பார்வை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். தோட்டங்களில் தபால் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வருவதால், பத்திரிகையிலிருந்து வந்த கடிதம் ஒன்று மாதக்கணக்கில் அங்கே கிடந்து, திருத்தம் கேட்டிருந்த தவணை முடிந்த பின்னரே என் மாணவன் ஒருவனின் கைக்குக் கிடைத்தது.